சிகரெட்டை விடப் போகிறவர்கள் மருந்துக்கடையில் கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறேன். சிகரெட் ஏக்கத்தைத் தணிக்க மெல்லும் நிக்கோட்டின் கம் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் கடை காலியாகும் வரை இருமல் மருந்து அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார்கள். ஆள் குறைந்ததும் மெதுவாக வந்து "அக்கா, ஒன்னு கேக்கணும்" என்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். இதய நோய், வலிப்பு, மனநலச் சிகிச்சை, கர்ப்பம் என்று ஏதாவது இருந்தால் இதைப் படித்துவிட்டு டாக்டரையும் பாருங்கள்.

ஒரேயடியாக விடுவதா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா?

நாள் குறித்து ஒரேயடியாக விடுங்கள். 2016-இல் பிரிட்டனில் 697 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. பாதிப் பேர் குறித்த நாளில் சட்டென்று நிறுத்தினார்கள், மீதிப் பேர் இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினார்கள். நாலு வாரம் கழித்துப் பார்த்தால் முதல் கூட்டத்தில் 49 சதவீதம் பேர் புகைக்காமல் இருந்தார்கள், இரண்டாவது கூட்டத்தில் 39. இரு தரப்புக்கும் நிக்கோட்டின் மருந்தும் ஆலோசனையும் கொடுத்துத்தான் இந்தக் கணக்கு.

குறைக்கிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இருபதிலிருந்து எட்டுக்கு வந்துவிட்டேன் என்பார்கள். ஆனால் அந்த எட்டையும் பில்டர் சுடும் வரை, நெஞ்சு நிறைய, ஆழமாக இழுப்பார்கள். உடம்பு கேட்கும் நிக்கோட்டினை எட்டிலேயே எடுத்துக்கொள்ளும். எண்ணிக்கைதான் குறைந்திருக்கும்.

நாளை இரண்டு வாரத்துக்குள் வையுங்கள். அதற்கு மேல் தள்ளினால் அது தீபாவளிக்குப் போய், பிறகு சீனப் பெருநாளுக்குப் போகும். பட்டர்வொர்த்திலும் பாயான் லெப்பாஸிலும் ஷிப்ட் வேலை பார்க்கும் தம்பிகள் விடுமுறை நாளில் தொடங்கலாமா என்று கேட்பார்கள். என் கருத்தில் வேலை நாள்தான் சௌகரியம். தொழிற்சாலைக்குள் எப்படியும் பற்றவைக்க முடியாது, பாதி நாளை அந்தத் தடையே பார்த்துக்கொள்ளும். முந்தின இரவு லைட்டர், சாம்பல் கிண்ணம், கார் டாஷ்போர்டில் கிடக்கும் பழைய பாக்கெட் எல்லாம் வீட்டை விட்டுப் போக வேண்டும். "அவசரத்துக்கு" என்று ஒன்று மட்டும் எடுத்து வைப்பவர்களுக்கு அந்த அவசரம் தவறாமல் வந்துவிடுகிறது.

விட்ட பிறகு என்னென்ன நடக்கும்? எத்தனை நாள் இருக்கும்?

ஒரு சிகரெட்டை இழுத்தால் நிக்கோட்டின் சுமார் பத்து விநாடியில் மூளைக்குப் போய்விடும். ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். காலையில் கண் விழித்ததும் கை பாக்கெட்டைத் தேடுவதற்குக் காரணம் இதுதான், இரவு முழுக்க அளவு இறங்கியிருக்கும். நீங்கள் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நிக்கோட்டின் உடம்பை விட்டுப் போய்விடும். அந்த நாட்கள்தான் மிகக் கஷ்டமானவை.

எரிச்சல் வரும், காரணமில்லாத கோபம் வரும். கவனம் நிற்காது. படுத்தால் தூக்கம் வராது, வந்தால் விசித்திரமான கனவு. பசி கூடும். சிலருக்கு மனம் கனத்துப்போகும். வாயில் புண், மலச்சிக்கல், இருமல் என்று எதிர்பாராதவையும் வரும். புகைத்தபோது இல்லாத இருமல் விட்டதும் வருகிறதே என்று பயந்து கேட்பவர்கள் நிறைய. மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிர்கள் புகையால் செயலிழந்து கிடந்தவை. மறுபடி வேலை செய்யத் தொடங்குவதால் சில வாரம் இருமல் வரலாம். சளியில் ரத்தம் கண்டாலோ, மூன்று வாரத்துக்கு மேல் போனாலோ கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள்.

மொத்தக் கஷ்டமும் இரண்டிலிருந்து நாலு வாரத்தில் தணிந்துவிடும். பசி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும். ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்களும், வாழ்வதே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டுகிறவர்களும் நாலு வாரம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே டாக்டரைப் பாருங்கள்.

விட்டதிலிருந்து கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, ராத்திரி தூக்கமே இல்லை. இது சிகரெட் கேட்கிறதா?

ஒரு நாளைக்கு எத்தனை கோப்பி, எத்தனை தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) என்று கேட்பேன். பதில் பெரும்பாலும் நாலு, ஐந்து என்று வரும். பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது, யாரும் அதை அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியை வேகப்படுத்துகின்றன. காப்பின், அதாவது கோப்பியிலும் தேநீரிலும் இருக்கும் அந்தச் சுறுசுறுப்புச் சரக்கை, உடைப்பது அந்த நொதிதான். அதனால் புகைப்பவர் உடம்பு காப்பினை மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் கழித்துவிடும். சிகரெட்டை நிறுத்தினால் சில நாளிலேயே இந்த வேகம் விழுந்துவிடும். நீங்கள் குடிப்பது அதே நாலு கோப்பி-ஓ, ரத்தத்தில் நிற்பதோ எட்டு குடித்ததுபோல. படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் அதனால் வரும். நீங்கள் அதைச் சிகரெட் ஏக்கம் என்று நினைத்து ஒன்றைப் பற்றவைப்பீர்கள்.

முதல் நாளிலிருந்தே பாதியாகக் குறையுங்கள். மதியம் மூன்று மணிக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். நிக்கோட்டின் கம்மோ, தோலில் ஒட்டும் பேட்சோ போட்டிருந்தாலும் இது பொருந்தும், ஏனென்றால் நொதியை வேகப்படுத்துவது நிக்கோட்டின் இல்லை, புகை.

இதே காரணத்தால் சில மருந்துகளின் அளவும் மாற வேண்டிவரும். ஆஸ்துமாவுக்குத் தியோபிலின், மனநலத்துக்கு க்ளோசபின் அல்லது ஒலான்சபின் எடுப்பவர்கள் நிறுத்தும் தேதியை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

திடீரென்று ஏக்கம் வந்தால் அந்த நிமிடம் என்ன செய்வது?

ஒரு ஏக்கம் உச்சத்தில் நிற்பது மூன்று, ஐந்து நிமிடம். நீங்கள் இணங்கினாலும் இணங்காவிட்டாலும் அது இறங்கிவிடும். அந்த ஐந்து நிமிடத்தை நிரப்ப ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். கைக்கும் வாய்க்கும் வேலை கொடுக்கும் எதுவும் சரி. கச்சாங் பூத்தே எனும் கடலை வகை ஒரு பொட்டலம், ஏலக்காய், கிராம்பு, அசாம் போய் எனும் புளிப்பு உலர்பழம் ஒன்று. குளிர்ந்த தண்ணீரைச் சிறிது சிறிதாக விழுங்கலாம், எழுந்து மாடிப்படி ஏறி இறங்கலாம். பிடித்தவருக்குப் போன் போடலாம்.

பெடரல் நெடுஞ்சாலை ஜாமில் மாட்டிக்கொண்டு ஸ்டியரிங் பிடித்திருப்பவரை மாடிப்படி ஏறச் சொல்ல முடியாது, தெரியும். கிராப் வாடகைக் கார் ஓட்டும் அண்ணன்கள் இதைத்தான் கேட்பார்கள். காரை ஒரு முறை நன்றாகக் கழுவி, சீட் உறையையும் துவைத்துவிடுங்கள். பழைய வாசனை இருக்கும் வரை கை தேடிக்கொண்டே இருக்கும். கம் டப்பா லைட்டர் இருந்த அதே இடத்தில் இருக்கட்டும்.

மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) நண்பர்களோடு உட்கார்ந்தால் என்னால் முடியவில்லை. நண்பர்களை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். ஆனால் முதல் மூன்று வாரம் சந்திக்கும் இடத்தை மாற்றுங்கள்.

2019 ஜனவரி 1 முதல் நாட்டில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் புகைக்கக் கூடாது, மூன்று மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அந்தச் சட்டம் வந்தபோது மாமாக் கடையே அழிந்துவிடும் என்றார்கள், கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. விடுகிறவர்களுக்கு இது பெரிய வசதி, மேசையில் யாரும் பற்றவைக்க மாட்டார்கள். ஆபத்து எப்போது வருகிறதென்றால், நாலு பேரும் எழுந்து "வா மச்சான், வெளியே போய்ட்டு வரலாம்" என்று சாலையோரம் போகும்போது. நீங்கள் எழுந்திருக்காதீர்கள். "எல்லார் போனையும் வச்சிட்டுப் போங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்திருங்கள். மேசையைக் காவல் காப்பவர் ஒருவர் தேவைதானே. ரொட்டி சானாய், தோசை என்று இரண்டு கைக்கும் வேலை வைக்கும் பலகாரமாகச் சொல்லுங்கள்.

இதைவிடக் கடினமானது தண்ணி போடும் இடம். ஒரு பீர் உள்ளே போனால் உறுதி தளர்ந்துவிடும், கூடவே சிகரெட் பழக்கம் பல வருடமாக அதோடு ஒட்டியிருக்கும். முதல் ஒரு மாதம் குடியையும் தள்ளி வைக்க முடிந்தால் வையுங்கள். அப்புறம் இழவு வீடு. இரவு முழுக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆண்கள், மனசும் சரியில்லை, ஒருவர் பாக்கெட்டை நீட்டுவார், மறுத்தால் மரியாதைக் குறைவோ என்று தோன்றும். ஆறு மாதம், ஒரு வருடம் விட்டவர்கள்கூட அங்கே சறுக்கியதைக் கேட்டிருக்கிறேன். உள்ளே பெண்கள் பக்கம் ஏதாவது வேலை இருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். தேநீர் ஆற்றவும் நாற்காலி இறக்கவும் ஆள் எப்போதும் போதாது.

தைப்பூச விரதத்துக்கு 48 நாள் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. மாலை கழற்றிய மறுநாளே தொடங்கிவிட்டேன். எனக்கு இது ஒத்துவராதோ?

ஜனவரி, பிப்ரவரியில் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. பத்துமலையின் 272 படியும் பினாங்குத் தண்ணீர்மலைப் படிகளும் ஏறி இறங்கி, காவடி இறக்கி, மொட்டை அடித்த தலையோடு வந்து கேட்பார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்கிறேன். 48 நாள் என்பது சின்ன விஷயமில்லை. உடம்பின் கஷ்டமெல்லாம் நாலு வாரத்தில் முடிந்துவிடும். நிக்கோட்டினுக்காக மூளையில் அதிகமாகப் பெருகியிருந்த ஏற்பிகளும், அதாவது நிக்கோட்டின் போய் ஒட்டும் இடங்களும், ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆக, மாலை கழற்றிய அன்று உங்கள் உடம்பு பெருமளவு விடுபட்ட உடம்புதான். பிறகு ஏன் தொடங்கினீர்கள்?

விரதத்தில் உங்களுக்குக் கிடைத்த உதவிகளை எண்ணிப் பாருங்கள். கழுத்தில் மாலை இருந்தது, அதைப் பார்த்த எவனும் சிகரெட் நீட்டவில்லை. "வேணாம்" என்று சொல்லவே தேவைப்படவில்லை. காலையில் எழுந்ததும் குளியல், பூசை என்று ஒரு வேலை இருந்தது, அந்த முதல் சிகரெட்டின் நேரத்தை அது நிரப்பியது. சைவச் சாப்பாடு, குடி இல்லை, இரவில் மாமாக் கடைப் பேச்சும் இல்லை. வீடே உங்களுக்காக நடந்துகொண்டது. மாலை கழற்றியதும் இவை அத்தனையும் ஒரே நாளில் போய்விட்டன. "விரதம் முடிஞ்சிடுச்சே, இந்தா" என்று நண்பன் நீட்டும்போது உங்களிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. பலர் விரதத்தில் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள், இன்னும் பத்து நாள், இன்னும் மூன்று நாள் என்று. அப்படி எண்ணினால் மனசு சிகரெட்டை விடவில்லை, தவணைக்குக் கொடுத்து வைத்திருக்கிறது.

அடுத்த முறைக்கு என் யோசனை இது. மாலை கழற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த மாதத்துக்கான ஏற்பாட்டைச் செய்யுங்கள். அசைவம் சாப்பிடலாம், கல்யாணத்துக்குப் போகலாம், ஆனால் சிகரெட் மட்டும் அடுத்த தைப்பூசம் வரை இல்லை என்று குருசாமியிடமோ கோயிலிலோ ஒரு நேர்த்தியாக வைத்துக்கொள்ளலாம். கையில் ஒரு கயிறு கட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். "வேண்டுதல் இருக்குடா" என்ற ஒரு வார்த்தைக்கு நம் ஆட்களிடம் இருக்கும் மரியாதை "டாக்டர் சொன்னார்" என்பதற்குக் கிடையாது. காலைப் பூசையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடமாகக் குறைந்தாலும் பரவாயில்லை. முதல் வாரம் கம் பையில் இருக்கட்டும்.

கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களுக்கும் இதே கதைதான், இதே பதில்தான்.

நோன்பு மாதத்தில் பகலெல்லாம் முடிகிறது. திறந்ததும் முடியவில்லை.

பினாங்கு, மஸ்ஜித் இந்தியா பக்கத்துப் பாய்மார்கள் கேட்பது. மலேசியாவில் நோன்பு ஏறத்தாழ 13 மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு நேரம் உங்களால் முடிகிறது என்றால் பகலுக்கான கட்டுப்பாடு கைவசம் இருக்கிறது. பிரச்சினை நோன்பு திறந்த அரை மணி நேரத்தில்தான். பேரீச்சம்பழம், கஞ்சி, தொழுகை என்று நேராகப் போய்விடுங்கள், வாசலில் நிற்காதீர்கள். தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வரும் வழியையும் அந்த மாதம் மாற்றிக்கொள்ளலாம். கம் பகலில் மெல்ல முடியாது. பேட்ச் ஒட்டினால் நோன்புக்கு என்ன சட்டம் என்பதை இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் துறை இல்லை. தேசிய பத்வா மன்றம் புகைப்பதை ஹராம் என்று 1995-லேயே சொல்லிவிட்டது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

கம் வாங்கி மென்றேன். விக்கல், நெஞ்செரிச்சல், ஒரு பலனும் இல்லை.

சாதாரண சூயிங் கம் மாதிரி மென்றிருப்பீர்கள். வேகமாக மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலையும் எரிச்சலையும்தான் தரும். மூளைக்குப் போக வேண்டியது கன்னத்தின் உள்தோல் வழியாக. மெதுவாகச் சில முறை மெல்லுங்கள், காரம்போல ஒரு சுள்ளென்ற சுவை வரும். வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுவை போனதும் மறுபடி மெல்லுங்கள், இடத்தை மாற்றி ஒதுக்குங்கள். ஒன்று அரை மணி நேரம் வரும்.

கோப்பி, பழச்சாறு, குளிர்பானம் எல்லாம் வாயைப் புளிப்பாக்கும், அந்த நிலையில் கம் வேலை செய்யாது. கால் மணி நேரம் முன்பும், வாயில் இருக்கும்போதும் இவை வேண்டாம். மேலே சொன்ன அசாம் போயும் அந்தப் பட்டியலில்தான், இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள்.

2 மி.கி, 4 மி.கி என்று இரண்டு அளவு இருக்கிறது. எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர் என்றால் 4 எடுங்கள். ஆரம்ப வாரங்களில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று ஒழுங்காகப் போடுங்கள். முடியாமல் போகும் வரை காத்திருந்து போடுகிறவர்கள்தான் பலன் இல்லை என்று திரும்பி வருகிறார்கள்.

பேட்ச் வேறு வகை. நாள் முழுக்க சிறிது சிறிதாகத் தோல் வழியே இறங்கும். 24 மணி நேரப் பேட்சில் 21, 14, 7 மி.கி என்று இறங்குவரிசை உண்டு. ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் புகைத்தவர் பொதுவாக 21-இல் ஆறு வாரம் இருந்துவிட்டு, 14, 7 இரண்டையும் தலா இரண்டு வாரம் போடுவார். மயிர் இல்லாத, காய்ந்த இடத்தில், தினமும் இடம் மாற்றி ஒட்டுங்கள். நம் ஊர் வியர்வைக்கு மேல்கை நல்லது, குளித்துத் துடைத்த கையோடு பவுடர் போடாமல் ஒட்டுங்கள். கனவு தொல்லை கொடுத்தால் படுக்கும்போது கழற்றிவிடலாம். பேட்ச் அடித்தளமாக, ஏக்கம் எழும்போது கம் என்று இரண்டையும் சேர்த்து எடுப்பது ஒன்றை மட்டும் எடுப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது. இதை நம்பாமல் "ரெண்டும் நிக்கோட்டின் ஆச்சே, ஓவராயிடாதா" என்பார்கள். நீங்கள் நாள் ஒன்றுக்கு ஒரு பாக்கெட் இழுத்தபோது ஓவராகாதது இதில் ஆகாது. புற்றுநோயைத் தருவது புகை. பேட்சிலும் கம்மிலும் புகை இல்லை.

அரசாங்க கிளினிக்கில் உண்மையிலேயே உதவி கிடைக்குமா? திட்டுவார்களா?

கிளினிக் கெசிஹாத்தான் பலவற்றில் புகைப்பதை நிறுத்தும் சிகிச்சை இருக்கிறது. மலேசியக் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). நேரில் கேட்கலாம், அல்லது சுகாதார அமைச்சின் ஜோம் குவிட் இணையப் பக்கத்தில் பதிந்துகொள்ளலாம். முதல் சந்திப்பில் ஆறு கேள்வி கேட்பார்கள், எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்பது அதில் முக்கியமானது. பிறகு மூச்சை அடக்கி ஒரு கருவியில் ஊதச் சொல்வார்கள். மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று அது எண்ணில் காட்டும். நிறுத்தி இரண்டொரு நாளில் அந்த எண் புகைக்காதவரின் அளவுக்கு இறங்கிவிடும். எக்ஸ்ரேயைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட இந்த எண் இறங்குவதைப் பார்ப்பதில் ஆட்களுக்கு உற்சாகம் அதிகம்.

யாருடைய உதவியும் இல்லாமல் தானாக விடுகிறவர்களில் ஒரு முயற்சிக்கு நூற்றில் மூன்று முதல் ஐந்து பேர்தான் ஒரு வருடம் தாண்டுகிறார்கள். "மனசு வச்சா போதும்" என்று சொல்கிறவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தால் வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது. வாரெனிக்ளின் போன்ற மாத்திரைகளும் உண்டு. அவை டாக்டர் பார்த்துத் தருபவை, நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். குமட்டலும் கனவும் அதன் வழக்கமான தொல்லைகள்.

வேப்புக்கு (மின்சிகரெட்) மாறிவிட்டால் பாதி விட்ட மாதிரிதானே?

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எரியும் புகையிலையைவிட வேப்பில் நச்சு குறைவு, சிகரெட்டை முழுக்க விட வேப் உதவியதாக ஆய்வுகளும் உண்டு. ஆனால் கவுண்டரில் நான் பார்ப்பது அது இல்லை. கட்டடத்துக்குள் வேப், வெளியே வந்ததும் சிகரெட் என்று இரண்டையும் பிடிக்கிறார்கள். முன்பு நிக்கோட்டின் கிடைக்காமல் இருந்த படுக்கையறையிலும் இப்போது கிடைக்கிறது. நம் சுகாதார அமைச்சு இதை விடுவதற்கான வழியாகப் பரிந்துரைப்பதில்லை. 2024 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் 852 வேப்பையும் சிகரெட்டோடு சேர்த்தே கட்டுப்படுத்துகிறது, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இரண்டையும் விற்கக் கூடாது. ஏற்கெனவே மாறிவிட்டீர்கள் என்றால் சிகரெட்டை முழுதாக நிறுத்துங்கள், பிறகு வேப்பை நிறுத்தவும் ஒரு தேதி வையுங்கள். சிகரெட் பிடிக்காத பிள்ளைக்கு வேப் எந்த விதத்திலும் தேவையில்லை.

எடை கூடிவிடுமே. எனக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) வேறு.

கூடும். ஒரு வருடத்தில் சராசரியாக நாலைந்து கிலோ, சிலருக்கு ஒன்றுமே ஏறாது. நாக்குக்கு ருசி திரும்புவதும், சிகரெட் அடக்கி வைத்திருந்த பசி எழுவதும் காரணம். நம் ஆட்களுக்கு இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை, இந்நாட்டில் இனவாரியாகப் பார்த்தால் சர்க்கரை நோய் இந்தியர்களிடம்தான் அதிகம். அதனால் ஏக்கத்துக்கு மிட்டாய் போடாதீர்கள், தே தாரிக்கைக் குறைக்கும்போது கெட்டிப் பாலையும் சேர்த்துக் குறையுங்கள், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சிகரெட் பிடித்த நேரத்தில் பிளாட்டைச் சுற்றி நடங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் முதல் சில வாரம் அடிக்கடி ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள், இறங்கவும் வாய்ப்புண்டு. நாலு கிலோ ஏறினாலும் கணக்கு உங்கள் பக்கம்தான், இதயத்துக்கு அந்த எடையைவிடச் சிகரெட் மோசம்.

பீடி பரவாயில்லையா? வரி கட்டாத மலிவுச் சிகரெட்?

பீடியில் நிக்கோட்டின் சிகரெட்டுக்குக் குறையாது, அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும் என்பதால் இழுப்பும் அதிகம். மலிவுச் சிகரெட்டின் புகை மலிவாகக் கொல்வதில்லை, கையில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். முறையான பாக்கெட்டில் முன்னணிப் பிராண்டு 17 வெள்ளிக்கு மேல் போகிறது. தினம் ஒன்று என்றால் வருடத்துக்கு 6,000 வெள்ளியைத் தாண்டும்.

புகைமூட்டம் வந்தால் ஊரே புகைக்கிறதே, நான் ஒருவன் விட்டு என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். புகைமூட்டத்துக்கு முகக்கவசம் போடலாம். முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிகரெட் பிடிப்பவரை என்ன செய்வது?

அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. இனி விட்டு என்ன ஆகப்போகிறது?

பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2004-இல் ஒரு கணக்குச் சொன்னது. முப்பதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ பத்து ஆண்டு ஆயுள் மீண்டது, நாற்பதில் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் மூன்று. அப்பாவிடம் மூன்று ஆண்டு என்று சொன்னால் சிரிப்பார். அதனால் நான் கிட்டத்தில் இருப்பதைச் சொல்வேன்: ஒரு வருடத்தில் சிகரெட்டால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகும், சில வாரங்களிலேயே படியேறும்போது மூச்சு இரைப்பது குறையத் தொடங்கும். வயதானவர்களுக்குப் பேரன் பேச்சு எடுபடும், புள்ளிவிவரம் எடுபடாது. அண்மையில் மாரடைப்பு வந்தவர் என்றால் கம், பேட்ச் வாங்குமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒன்றே ஒன்று இழுத்துவிட்டேன். எல்லாம் போச்சா?

போகவில்லை. அந்தப் பாக்கெட்டின் மீதியை வைத்திருக்கிறீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி. வைத்திருந்தால் இப்போதே தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடுங்கள். பெரும்பாலானவர்கள் பல முறை முயன்ற பிறகே விடுகிறார்கள். அந்த ஒன்று எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு, என்ன குடித்துக்கொண்டிருந்தபோது என்று எழுதி வையுங்கள். இரண்டு மூன்று முறை எழுதினால் ஒரே இடம், ஒரே ஆள் வருவது தெரியும். பேட்ச் போட்டிருந்தால் கழற்ற வேண்டாம், தொடருங்கள். "இன்னிக்குக் கெட்டுப்போச்சு, திங்கட்கிழமையிலிருந்து பார்க்கலாம்" என்பது மட்டும் வேண்டாம், அதற்குள் நாலு பாக்கெட் போய்விடும்.

என் வீட்டுக்காரர் விடுகிறார். எரிந்து எரிந்து விழுகிறார். நான் என்ன செய்வது?

முதல் இரண்டு வாரத்துக்குக் கடன் கணக்கு, மாமியார் விஷயம், பிள்ளையின் பரீட்சை மதிப்பெண் எதையும் இரவு ஒன்பதுக்கு மேல் எடுக்காதீர்கள். நான் சொல்வது அவர் பேச்சையெல்லாம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஆகிவிடக் கூடாது, சிகரெட்டை விடுவது கை ஓங்குவதற்குச் சாக்கு கிடையாது. சட்டையை முகர்ந்து பார்ப்பது, சட்டைப்பையைத் துழாவுவது, "எத்தனை நாளைக்குன்னு பார்க்கிறேன்" என்பது, இந்த மூன்றும் வேண்டாம். சறுக்கினால் உங்களிடம் வந்து சொல்லத் தோன்ற வேண்டும், ஒளித்தால் உங்களுக்குத் தெரியும்போது பழைய எண்ணிக்கைக்குப் போயிருப்பார். திரைச்சீலையையும் மெத்தை விரிப்பையும் ஒரு முறை துவைத்துவிடுங்கள். வீட்டுக்கு வரும் மச்சான், சித்தப்பா எல்லோரும் கீழே போய்ப் பிடிக்கட்டும், அதை அவர் சொல்லத் தயங்குவார், நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் கர்ப்பமாக இருந்தால் அதைக் காரணமாகச் சொல்லலாம், யாரும் மறுக்க மாட்டார்கள்.